கீழ் டிவிஷன் கோல்கீப்பர்: மேலே போகாதவர் தோற்றவரா?

மதுரை வாசகர் ஒருவர் கேட்டது, ஜூன் 3, 2025

லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் உங்கள் விம்பிள்டன் கால்பந்து அணி ஜெயித்து ஒரு டிவிஷன் மேலே ஏறியதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒன்று புரியவில்லை. முப்பது வயதாகியும் இங்கிலாந்தின் நான்காவது டிவிஷனான லீக் டூவில் கோல் காத்துக்கொண்டிருப்பவர் எதற்காக இன்னும் அங்கேயே இருக்கிறார்? நிஜமாகவே திறமை இருந்தால் 22 வயதுக்குள் பிரீமியர் லீக் கிளப் ஏதாவது தூக்கியிருக்கும். இல்லையென்றால் வேறு வேலை பார்க்கலாமே. என்னைப் பொறுத்தவரை கீழ் டிவிஷன் என்பது தோற்றுப்போனவர்கள் காலம் தள்ளும் இடம்.

ஜூன் 3, இரவு

இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. முதலில் கணக்கைப் பார்ப்போம். பிரீமியர் லீக்குக்குக் கீழே வரிசையாக சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ மூன்றிலும் 24 கிளப்புகள் வீதம் மொத்தம் 72. ஒரு சனிக்கிழமை இந்த 72 கிளப்பிலும் கோலில் நிற்கப் போவது 72 பேர், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு கிளப்பிலும் குறைந்தது இரண்டு கோல்கீப்பர்கள் சம்பளத்தில் இருப்பார்கள், சில இடங்களில் மூன்று பேர். விங்கர் என்றால் வலப்பக்கம் இடமில்லாதபோது இடப்பக்கம் ஆடலாம், கடைசி இருபது நிமிடம் இறங்கி ஓடலாம். கோல்கீப்பருக்கு அந்தப் பேச்சே கிடையாது. முதலாமவர் ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்தால் லீக்கின் 46 ஆட்டமும் அவருக்குத்தான். இரண்டாமவர் அவரைவிடக் கொஞ்சம் மட்டமானவராக இருக்கலாம், கொஞ்சம் மேலானவராகவும் இருக்கலாம். களத்தில் இறங்காதவரைக்கும் அது யாருக்கும் தெரியப் போவதில்லை.

22 வயதுக் கணக்குக்கு நிக் போப் ஒருவரே போதும். 16 வயதில் இப்ஸ்விச் டவுன் அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற சின்ன ஊரின் பெரி டவுன் அணியில் ஆடினார், கூடவே காலேஜில் படித்தார், வீடு வீடாகப் பால் போடும் வேலையும் பார்த்தார். 2011-ல் சார்ல்டன் எடுத்தது. எடுத்ததும் லோன், லோன், லோன், அதாவது கொஞ்ச காலத்துக்கு வேறு கிளப்புக்குக் கடனாக அனுப்புவது: ஹாரோ பரோ, வெல்லிங், கேம்பிரிட்ஜ், ஆல்டர்ஷாட், யார்க், கடைசியாக மான்செஸ்டர் பக்கத்து பெரி. நீங்கள் சொல்கிற 22-வது பிறந்த நாளன்று அவர் லீக் டூவில் யார்க் சிட்டிக்கு லோனில் கோல் காத்துக்கொண்டிருந்தார். பிரீமியர் லீக்கில் முதல் ஆட்டம் 25 வயதில், 2017 செப்டம்பரில். அடுத்த கோடையில் இங்கிலாந்து உலகக் கோப்பை அணியில் இருந்தார். 2014-ல் நீங்களும் நானும் யார்க் மைதானத்தில் நின்று பார்த்திருந்தால் இவரைத் தோற்றுப்போனவர் என்றுதான் எழுதியிருப்போம்.

ஜூன் 4

போப் பற்றி எழுதியதில் ஒன்று விட்டுப்போனது, அதைச் சொல்லாவிட்டால் கதை பாதிதான். அந்த 2017 வாய்ப்பு அவருக்கு எப்படி வந்தது? போப் அப்போது இருந்த பர்ன்லியின் முதல் கோல்கீப்பரும் கேப்டனுமான டாம் ஹீட்டனுக்கு கிரிஸ்டல் பேலஸ் ஆட்டத்தில் தோள் மூட்டு நழுவியது. பெஞ்சிலிருந்து போப் இறங்கினார். அந்தத் தோள் நழுவாமல் இருந்திருந்தால் போப் இன்னும் ஒரு வருடம் பெஞ்சிலேயே இருந்திருப்பார், பிறகு இன்னொரு லோன் போயிருப்பார்.

ஹீட்டன் மட்டும் என்ன, நேராக மேலே வந்தவரா? மான்செஸ்டர் யுனைடெட் அகாடமியில் வளர்ந்து, முதல் அணிக்கு ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல், ஸ்விண்டன், ராச்டேல், விகம்ப் என்று லோனில் சுற்றியவர். அவ்வளவு சுற்றிப் பிடித்த இடத்தை ஒரே ஒரு மதிய ஆட்டத்தில், இன்னொரு சுற்றி வந்தவரிடம் விட்டார். ஒருவருக்குக் கிடைத்தது முழுக்க இன்னொருவரிடமிருந்து போனதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த வேலையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜூன் 5

இன்னொரு வாசகர் கேட்கிறார்: அப்படியானால் பெரிய கிளப்பின் பையன்கள் ஏன் கீழே வந்து ஆடுகிறார்கள், அங்கேயே இரண்டாவது அணியில் ஆடக் கூடாதா?

ஆடலாம். ஆனால் அங்கே யாருக்கும் வேலை போகாது. ஜோர்டன் பிக்ஃபோர்டை சண்டர்லேண்ட் முதலில் அனுப்பிய இடம் டார்லிங்டன். 2012 ஜனவரி, அவருக்கு 17 வயது. கிளப் அப்போது திவாலாகி நிர்வாகியின் கையில் இருந்தது. சம்பளம் வருமா என்று தெரியாத பெரியவர்கள் பத்துப் பேருக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பையன் நின்று கத்த வேண்டும். அப்புறம் ஆல்ஃப்ரட்டன் டவுன், பர்ட்டன், கார்லைல், பிராட்ஃபோர்ட், பிரெஸ்டன். 2017-ல் எவர்ட்டன் அவருக்கு 2.5 கோடி பவுண்டு கொடுத்தது இந்தப் படிகளையெல்லாம் ஏறி வந்த பிறகுதான்.

அர்செனலின் டேவிட் ராயா பிளாக்பர்னில் இருந்த காலத்தில் சவுத்போர்ட்டுக்கு லோனில் போனார், அது ஐந்தாவது டிவிஷன். உலகக் கோப்பை வென்ற எமிலியானோ மார்ட்டினஸ் இங்கிலாந்து லீக்கில் முதல் ஆட்டம் ஆடியது 2012-ல், லீக் டூவில், ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட்டுக்கு.

ஆரன் ராம்ஸ்டேலை நானே பார்த்தேன். 2018-ல் செஸ்டர்ஃபீல்டுக்கு லோன் போனார், அந்த சீசன் அவர்கள் கடைசி இடத்தில் முடித்து லீக்கை விட்டே, அதாவது மேல் நான்கு டிவிஷனையும் விட்டு, வெளியேறினார்கள். அடுத்த ஜனவரி எங்கள் விம்பிள்டனுக்கு வந்தார். நாங்கள் அப்போது கிங்ஸ்மெடோ மைதானத்தில் ஆடினோம், பட்டியலின் அடியில் கிடந்தோம், தப்பிக்க முடியும் என்று யாரும் நம்பவில்லை. நான் நின்ற இடம் கோலுக்குப் பின்னால், வலைக்கும் எனக்கும் சில அடிதான். அந்தப் பையனின் வாய் 90 நிமிடமும் மூடவில்லை. பந்து எதிர்ப் பாதியில் இருக்கும்போதும் "இடது தோள், இடது தோள்" என்று தன் பாதுகாப்பு ஆட்டக்காரரிடம் கத்திக்கொண்டே இருந்தார், அதாவது உன் இடது தோளுக்குப் பின்னால் ஒருவன் வருகிறான், பார். பத்து வயது மூத்தவரை அதட்டுகிறார், அவரும் கேட்கிறார். கடைசி நாள் பிராட்ஃபோர்டில் 0-0, கோல் வித்தியாசத்தில் தப்பித்தோம். அந்த அதட்டலை இரண்டாவது அணி ஆட்டத்தில் எப்படிக் கற்றுக்கொள்வது?

ஜூன் 8

மேலே நான் எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தால் எல்லாமே கடைசியில் மேலே போனவர்களின் கதையாக இருக்கிறது. போப், பிக்ஃபோர்ட், ராயா, ராம்ஸ்டேல். கேட்டவர் கேட்டது போகாதவர்களைப் பற்றி. அதற்கு வருகிறேன்.

என்னோடு கிடங்கில் வேலை பார்க்கும் ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், ஒரு காலத்தில் லீக் டூ கிளப் ஒன்றில் இரண்டாவது கோல்கீப்பர். பெயரும் கிளப்பும் வேண்டாம். அவருடைய வலது கைச் சுண்டு விரல் நேராக நிமிராது, நடு மூட்டில் மடங்கியே இருக்கும். பெட்டியைத் தூக்கிப் போட்டால் இரண்டு கட்டைவிரலும் கிட்டத்தட்ட ஒட்டி, மற்ற விரல்கள் விரிந்து பிடிப்பார். இத்தனை வருடம் ஆகியும் கை அதை மறக்கவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் இரண்டாவது கோல்கீப்பரின் சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

மற்ற ஆட்டக்காரர்களுக்கு முன்பே கோல்கீப்பர்கள் இருவரும் பயிற்சியாளரோடு களத்துக்கு வந்துவிடுவார்கள். முதலாமவரைத் தயார் செய்வதுதான் இரண்டாமவரின் வேலை. க்ராஸ் போட வேண்டும், அதாவது ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தைத் தூக்கி அடிக்க வேண்டும், தரையோடு அடிக்க வேண்டும், பந்தை உயரத் தூக்கி அவர் மேல் மோத வேண்டும். ஆனால் கடைசி ஐந்தாறு பந்தை மட்டும் நேராகக் கைக்கு அடிக்க வேண்டும். அழகான, முழு வேகப் பந்து, ஆனால் நேராக மார்புக்கு. அவர் எல்லாவற்றையும் சத்தத்தோடு பிடித்துவிட்டு உள்ளே போக வேண்டும். கோல் வாங்கிய நினைப்போடு டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போகக் கூடாது. "என் இடத்தைப் பிடித்து வைத்திருப்பவனுக்கு வாரா வாரம் நான் தைரியம் ஊட்டுவேன்" என்றார்.

அப்புறம் கோட்டைப் போட்டுக்கொண்டு பெஞ்ச். முதலாமவர் ஒரு க்ராஸுக்கு எழும்பி விழுந்து எழுந்திருக்க நேரமானால் எல்லாரும் திரும்பி இவரைப் பார்ப்பார்கள். இவர் எழுந்து கையுறையை இறுக்குவார். அந்த நொடியில் மனதில் முதலில் என்ன வரும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதலாமவர் எழுந்து கையை உயர்த்துவார், இவர் உட்காருவார்.

செவ்வாய் இரவுகளில் வெளியூர் ஆட்டம் என்றால் திரும்பி வீடு சேர விடிந்துவிடும். ஒரு நிமிடம்கூட ஆடாமல். ஆனால் உடம்பு ஆடத் தயாராக இருந்த களைப்பு முழுக்க இருக்குமாம்.

அவர் தோற்றுப்போனவரா? இந்த நாட்டில் வாரக் கடைசியில் கோலில் நிற்கும் ஆயிரக்கணக்கானவர்களில் அவரைவிட நன்றாகப் பிடிப்பவர்கள் அப்போது நூறு, நூற்றைம்பது பேர்தான் இருந்திருப்பார்கள். எந்தத் தொழிலில் அந்த இடத்தில் இருப்பவரைத் தோற்றவர் என்போம்?

ஜூன் 9

இரண்டாமவரை வைத்திருப்பது வீண் செலவுதானே என்று கேட்டவருக்கு: பல கிளப்புகள் அப்படித்தான் நினைத்தன. 1965 முதல் 1987 வரை லீக் ஆட்டத்தில் ஒரே ஒரு மாற்று ஆட்டக்காரர்தான், அந்த இடத்தை யாரும் கோல்கீப்பருக்குக் கொடுக்க மாட்டார்கள். கோல்கீப்பர் அடிபட்டால் பாதுகாப்பு ஆட்டக்காரர் யாராவது ஜெர்ஸியை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 2011-12 சீசனில்கூடச் செலவைக் குறைக்க பெஞ்சை ஏழிலிருந்து ஐந்தாக்கினார்கள், சில அணிகள் கோல்கீப்பரையே விட்டுவிட்டு வந்தன. அடுத்த வருடமே ஏழுக்குத் திரும்பிவிட்டார்கள்.

இன்றைக்கும் லோன் காலம் முடிந்த பிறகு அவசர லோன் என்ற ஏற்பாடு கோல்கீப்பருக்கு மட்டும்தான் உண்டு. மற்ற ஆட்டக்காரர்களுக்கு அதை 2016-ல் எடுத்துவிட்டார்கள். கிளப்பில் ஆடக்கூடிய கோல்கீப்பர் யாரும் மிஞ்சவில்லை என்று காட்டினால் ஏழு நாளுக்கு ஒருவரைக் கூட்டி வரலாம். வெள்ளிக்கிழமை போன் வரும், சனிக்கிழமை பெயர் தெரியாத நான்கு டிஃபெண்டர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

ஜூன் 14

அவசர லோன் என்று சொன்னதும் ஜிம்மி கிளாஸ் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எழுதத்தான் போகிறேன். ஆனால் வழக்கமாக எல்லாரும் நிறுத்தும் இடத்தில் நிறுத்தப் போவதில்லை.

1998-99 சீசன், நான்காவது டிவிஷன். கார்லைல் யுனைடெட் அடியில் கிடக்கிறது. 1928 முதல் லீக்கில் இருக்கும் கிளப், அந்த வருடம் வெளியேறினால் 71 வருடத் தொடர்ச்சி போய்விடும். மார்ச்சில் தங்கள் கோல்கீப்பர் டோனி கெய்கை பிளாக்பூலுக்குக் கொடுத்துவிட்டார்கள். டெர்பியிலிருந்து லோனில் வந்த பையனை டெர்பி திரும்ப அழைத்துக்கொண்டது. இன்னும் சில ஆட்டங்கள் பாக்கி, கோலில் நிற்க ஆளில்லை. கெடு முடிந்துவிட்டதால் சிறப்பு அனுமதி வாங்கி, ஸ்விண்டன் டவுனில் இடமில்லாமல் இருந்த ஜிம்மி கிளாஸைக் கூட்டி வந்தார்கள். வயது 25.

அவர் யார்? கிரிஸ்டல் பேலஸில் தொடங்கி அங்கே ஒரு லீக் ஆட்டமும் கிடைக்காதவர். போர்ன்மத்தில் இரண்டு வருடம் நன்றாக ஆடினார். 1998-ல் கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கான கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வெம்ப்ளி போனார், அங்கே பந்து அவர் மேல் பட்டு சொந்த கோலாகப் போனது, கிரிம்ஸ்பி ஜெயித்தது. அதற்கு அடுத்த வருடம்தான் கார்லைல்.

மே 8, 1999, கடைசி நாள், பிரன்டன் பார்க் மைதானம். எதிரணி பிளிமத், நாட்டின் அந்தக் கோடியிலிருந்து வந்தவர்கள். கார்லைல் ஜெயித்தே ஆக வேண்டும். பிளிமத் முதலில் கோல் போட்டது, டேவிட் பிரைட்வெல் சமன் செய்தார். 1-1. 90 நிமிடம் முடிந்து கூடுதல் நேரம் ஓடுகிறது. கடைசி இடத்திலிருந்து தப்பிக்க கார்லைலோடு போட்டியில் இருந்த கிளப் ஸ்கார்பரோ. அங்கே அவர்களுடைய ஆட்டம் 1-1 என்று முடிந்து, தப்பித்துவிட்டோம் என்று ரசிகர்கள் களத்தில் இறங்கி ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

நான்காவது கூடுதல் நிமிடத்தில் கார்லைலுக்குக் கார்னர். மேனேஜர் நைஜல் பியர்சன் கையை ஆட்டி, போ என்கிறார். சிவப்பு ஜெர்ஸியில் கிளாஸ் முழு மைதானத்தையும் ஓடிக் கடக்கிறார். கிரஹாம் ஆன்டனியின் கார்னரை ஸ்காட் டோபி தலையால் முட்டுகிறார், பிளிமத் கோல்கீப்பர் தடுக்கிறார், பந்து சரியாக கிளாஸின் வலது காலுக்கு முன்னால் விழுகிறது. ஒரே அடி. வலை. கூட்டம் களத்தில் பாய்ந்து அவரைப் புதைத்துவிட்டது. ஆட்டம் மறுபடி தொடங்கிய உடனே விசில்.

வழக்கமாக இங்கே நிறுத்துவார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த விவாதத்துக்கு வேண்டியது. கார்லைலுக்கு அவர் ஆடியது மொத்தம் மூன்று ஆட்டம். அந்த மூன்றாவது ஆட்டத்தின் கோல் உலகம் முழுக்க ஓடியது, அந்த ஷூ தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்துக்குப் போனது. அவருக்கு வேலை மட்டும் கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜ், பிரென்ட்ஃபோர்ட், ஆக்ஸ்ஃபோர்ட் என்று போய்ப் பார்த்தார், ஒரு சில ஆட்டங்களுக்கு மேல் எங்கும் இடமில்லை. 27 வயதில் விட்டுவிட்டார். கம்ப்யூட்டர் விற்கும் வேலை பார்த்தார், டோர்செட்டில் டாக்ஸி ஓட்டினார். பிறகு போர்ன்மத் கிளப்பே அவரைக் கூப்பிட்டு, ஆட்டக்காரர்களுக்கு வீடு, பள்ளி, ஊர் விஷயங்களில் உதவும் பொறுப்பைக் கொடுத்தது.

ஏன் வேலை கிடைக்கவில்லை? ஒரு மேனேஜர் கோல்கீப்பரை எடுக்கும்போது பார்ப்பது க்ராஸைப் பிடிக்கிறாரா, போன சீசனில் தொடர்ச்சியாக எத்தனை ஆட்டம் ஆடினார், காயம் உண்டா, சம்பளம் எவ்வளவு என்பதைத்தான். பந்தை வலையில் போட்டாரா என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஒரு ஊரின் லீக் வாழ்க்கையைக் காப்பாற்றியவருக்குத் தன் லீக் வாழ்க்கையைக் காப்பாற்றிக்கொள்ள அது உதவவில்லை. இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

ஜூன் 15

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, ஸ்கார்பரோ. 1987-ல் கீழிருந்து நேரடியாக லீக்குக்கு ஏறிய முதல் கிளப் அவர்கள்தான். அந்தக் கோலோடு வெளியே போனார்கள், திரும்பி வரவேயில்லை, 2007-ல் கிளப்பே கலைந்தது. கிளாஸின் கோலைப் பார்க்கும்போதெல்லாம் நான் கொண்டாடுவேன். ஸ்கார்பரோ டிரெஸ்ஸிங் ரூமில் இருந்த ஆட்டக்காரர்களை நினைத்தால் கொண்டாட்டம் கொஞ்சம் அடங்கும்.

இரண்டு, கார்லைல். 2004-ல் வெளியேறினார்கள், ஒரே வருடத்தில் திரும்பினார்கள். 2025 ஏப்ரலில் மறுபடி வெளியேறிவிட்டார்கள்.

ஜூன் 21

காயங்களைப் பற்றிப் பேசச் சொன்னவருக்கு. பிரென்ட்ஃபோர்டின் சிக் பிரோடி. 1970 நவம்பரில் கோல்செஸ்டரில் ஆடும்போது களத்துக்குள் ஒரு நாய் புகுந்தது. தன் அணிக்காரர் திருப்பி அனுப்பிய பந்தை எடுக்க பிரோடி குனிந்த நேரத்தில் நாய் நேராக அவர் முழங்காலில் மோதியது. முழங்காலில் பலத்த காயம். லீக் வாழ்க்கைக்கு அதுதான் முடிவு. பிறகு லண்டனில் டாக்ஸி ஓட்டினார். 1965-ல் மில்வால் ஆட்டத்தின்போது யாரோ களத்தில் எறிந்த கையெறி குண்டைத் தூக்கிப் பார்த்தவரும் இதே பிரோடிதான், நல்ல வேளை அது வெடிக்காத போலிக் குண்டு.

டேவ் பீசன்ட் 1993-ல் வீட்டில் சாலட் கிரீம் ஜாடி கைதவறி விழ, பழக்கதோஷத்தில் காலை நீட்டித் தடுத்தார். கால் பெருவிரல் தசைநார் போய், பல வாரம் ஆட முடியவில்லை. இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் விழுகிற பொருளைக் கண்டால் உடம்பு தானாகப் பாய்வது என்பது இருபது வருடம் தினமும் பழக்கியதன் விளைவு.

ஜூன் 22

பீசன்ட் பெயரைச் சொல்லிவிட்டு அப்படியே விட மனம் வரவில்லை, அவர் எங்கள் விம்பிள்டன் ஆள். 1979-ல் எட்ஜ்வேர் டவுன் என்ற லீக்குக்கு வெளியே உள்ள கிளப்பிலிருந்து வந்தார். நான்காவது டிவிஷனிலிருந்து முதல் டிவிஷன் வரை கிளப் ஏறியபோது அவரும் கூடவே ஏறினார், நடுவில் யாரும் அவரைவிட நல்லவரை வாங்கி மேலே உட்காரவைக்கவில்லை. 1988 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் லிவர்பூலின் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியைத் தடுத்து, கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். வெம்ப்ளி எஃப்.ஏ. கோப்பை இறுதியில் தடுக்கப்பட்ட முதல் பெனால்டி அது. வெம்ப்ளியில் கோல்கீப்பர் கேப்டனாக அந்தக் கோப்பையை வாங்கியதும் அதுவே முதல் தடவை.

இது ரொம்ப அபூர்வம் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கிளப் ஏறினால் முதலில் மாற்றப்படுவது பெரும்பாலும் கோல்கீப்பர்தான். மேலே கொண்டுவந்தவருக்கு நன்றி சொல்லிவிட்டு, மேலே ஆடிப் பழகிய ஒருவரை வாங்குவார்கள்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பீட்டர் ஷில்டன் தன் ஆயிரமாவது லீக் ஆட்டத்தை ஆடியது 1996 டிசம்பரில், லேட்டன் ஓரியன்ட்டுக்கு, 47 வயதில், நாட்டின் நான்காவது டிவிஷனில். 125 தடவை இங்கிலாந்துக்கு ஆடியவர். அவரை நாம் தோற்றவர்கள் கணக்கில் சேர்ப்போமா, மதுரைக்காரரே?

ஜூன் 30

இன்று அந்த நாள். இங்கே பெரும்பாலான ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் ஜூன் 30-ல் முடியும். மே மாதமே கிளப்புகள் பட்டியல் போட்டுவிடும்: யாரை வைத்துக்கொள்கிறோம், யாருக்குப் புது ஒப்பந்தம் பேசுகிறோம், யார் போகலாம். போகலாம் என்ற வரியில் இரண்டாவது, மூன்றாவது கோல்கீப்பர் பெயர் இல்லாத வருடம் அபூர்வம்.

கிடங்கு நண்பரிடம் பேசினேன். ஜூலை மாதம்தான் மோசம் என்றார். ஸ்ட்ரைக்கருக்கு ஆகஸ்ட் கடைசி வரை யாராவது கூப்பிடுவார்கள், எந்த அணிக்கும் இன்னொரு ஸ்ட்ரைக்கர் வேண்டும். கோல்கீப்பர் இரண்டு பேர் கிடைத்துவிட்டால் அந்தக் கதவு அடுத்த மே வரை திறக்காது. யாராவது ஒருவருக்கு விரல் முறிய வேண்டும். வீட்டுக் கடன் கட்டவேண்டிய மனிதர், இன்னொருவருடைய விரல் முறிவதற்காகக் காத்திருக்கிறார். அவர் பூங்காவில் தனியாக, சுவரில் பந்தை அடித்துப் பிடித்துத் தயாராக இருந்தாராம். அந்த ஆகஸ்ட்டில் போன் வரவில்லை, செப்டம்பரில் கிடங்கில் சேர்ந்துவிட்டார்.

ஜெயித்தாலும் பாதுகாப்பு இல்லை. மான்செஸ்டர் பக்கத்து பெரி கிளப் 2019 வசந்தத்தில் லீக் டூவில் இரண்டாமிடம் பிடித்து மேலே ஏறியது, சம்பளம் சரியாக வராத நிலையிலேயே ஆட்டக்காரர்கள் அதைச் செய்தார்கள். அதே ஆகஸ்ட் 27-ல் லீக் அவர்களை வெளியே தள்ளிவிட்டது. 1894 முதல் லீக்கில் இருந்த கிளப்.

ஜூலை 6

மதுரைக்காரர் திரும்ப வந்து நேர்மையாக ஒன்று கேட்டிருக்கிறார்: "தொழில் என்கிறீர்கள். பிரீமியர் லீக் கோல்கீப்பரும் இவரும் செய்வது ஒரே வேலை, இவர் அதைக் கொஞ்சம் மட்டமாகச் செய்கிறார், அவ்வளவுதானே?"

இதுதான் நல்ல கேள்வி. ஒரே வேலை இல்லை என்பது என் பதில்.

1992-ல் விதி மாறியது. சொந்த அணிக்காரர் காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது. அதிலிருந்து மேலே இருப்பவர்கள் மெல்ல மெல்லக் காலால் விளையாட்டைத் தொடங்கி வைப்பவர்களாக மாறினார்கள். கீழே அந்த மாற்றம் அரைகுறையாகத்தான் வந்தது. லீக் டூவில் குளிர்காலத்து மைதானம் சேறு, பந்து எப்படி எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பந்து மேலே போகிறது. த்ரோ-இன் கூடக் கார்னர் மாதிரி பாக்ஸுக்குள் வருகிறது.

ஜனவரியில் எங்கள் இப்போதைய மைதானமான ப்ளவ் லேனில் கோலுக்குப் பின்னால் நின்று கார்னரைப் பாருங்கள். ஆறு கஜக் கோட்டுக்குள் ஏழெட்டுப் பேர். ஒருவன் கோல்கீப்பரின் காலை மிதித்துக்கொண்டு நிற்கிறான், இன்னொருவன் முதுகை மார்பில் சாய்த்துத் தள்ளுகிறான். நடுவர் எச்சரிப்பார், அவர் திரும்பியதும் மறுபடி. பந்து காற்றில் வளைந்து வரும். அரை நொடியில் முடிவு: போகலாமா, நிற்கலாமா. போனால் பிடிக்கவா, குத்தவா. பாதி வழியில் மனம் மாறினால் கோல். நல்லவர் முதல் கார்னரிலேயே முழு உடம்போடு பாய்ந்து, பந்தோடு சேர்த்து இரண்டு பேரையும் சாய்ப்பார். அதற்குப் பிறகு அந்த மதியம் முழுக்க அவர் முன்னால் நிற்பவன் ஒரு அடி தள்ளி நிற்பான். இதை லீக் டூவில் முந்நூறு ஆட்டம் செய்தவருக்கு இருக்கும் அறிவு பெரிய அகாடமியில் வளர்ந்த பையனுக்குக் கிடையாது. லோனில் வரும் பையன்களில் பாதிப் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆறடி தூரத்திலிருந்து வரும் பந்துக்குக் கை போகும் வேகம், காலால் நாற்பது கஜம் துல்லியமாகக் கொடுப்பது, இவற்றில் மேலே இருப்பவர்கள் நிச்சயம் மேல்தான். அதை மறுக்கமாட்டேன். வேறு வேலை என்பதும் மட்டமான வேலை என்பதும் ஒன்றல்ல என்பதே நான் சொல்வது.

கடைசியாக ஒரு பெயர்: பால் பாஸ்டாக். பாஸ்டன் யுனைடெட்டில் 12 வருடம், லீக்குக்கு வெளியே பெரும்பாலான காலம். 2017-ல் விஸ்பெக் டவுனுக்கு ஆடியபோது ஷில்டனின் மொத்தக் கிளப் ஆட்ட எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார் என்று செய்தி வந்தது. வயது 47. டிவியில் அவர் ஆடிப் பார்த்தவர்கள் குறைவு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மதியங்களில் ஒரு மேனேஜர் யோசித்து, இன்று கோலில் இவர்தான் என்று முடிவு செய்திருக்கிறார்.

ஜூலை 7

இளைஞர் ஒருவர், மிட்சம் பக்கம் இருப்பவர், கோல்கீப்பர் கையுறை எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார். விலையைப் பார்க்காதீர்கள். உள்ளங்கை ரப்பர் மெத்தென்று இருக்க வேண்டும், ஆடும் முன் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும், காய்ந்தால் வழுக்கும். ஆட்டத்துக்கு ஒரு ஜோடி, பயிற்சிக்குப் பழைய ஜோடி. செயற்கைத் தரையில் சீக்கிரம் கிழியும். லீக் டூவில் அந்தத் தரைக்கு அனுமதி இல்லை. சட்டன் 2021-லும் பிராம்லி 2024-லும் மேலே ஏறியபோது இருந்ததைப் பெயர்த்துவிட்டுப் புல் போட்டார்கள்.

ஜூலை 27

ஓவன் குட்மன் என்ன ஆனார் என்று கேட்டவர்களுக்கு. எங்களை வெம்ப்ளியில் மேலே ஏற்றிய கோல்கீப்பர், வால்சால் அணிக்கு எதிராக 1-0. கிரிஸ்டல் பேலஸின் பையன், 2023-24-ல் கோல்செஸ்டருக்கு லோன், 2024-25-ல் எங்களுக்கு லோன், 2025-26 சீசனுக்கு ஹடர்ஸ்ஃபீல்டுக்கு லோன். 21 வயதுதான். அவர் திரும்ப வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன், பேலஸ் கொடுக்கவில்லை. அவருக்கும் இதுதான் நல்லது, அங்கே கூட்டமும் எதிர்பார்ப்பும் அதிகம்.

2025-26-ல் நாங்களும் லீக் ஒன் என்பதால் ஹடர்ஸ்ஃபீல்டு ப்ளவ் லேனுக்கு வந்தே ஆக வேண்டும். அன்றைக்கு அவருக்குக் கை தட்டலாம், ஆட்டம் தொடங்கும் வரை. கிடங்கு நண்பரையும் கூட்டிப் போகப் போகிறேன். கொஞ்சம் முன்னாலேயே போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார், இரண்டாவது கோல்கீப்பர் பந்து அடிப்பதைப் பார்க்க வேண்டுமாம்.